கொடைக்கானலில் தக்காளி: ஆடியை விடுங்கள், தையில் விதையுங்கள்

திண்டுக்கல்லில் இருந்தவரை மொட்டை மாடியில் அழுகிய தக்காளியைத் தூக்கிப் போட்டாலே செடி வந்ததாம். கொடைக்கானல் நாயுடுபுரத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆன ஒரு சகோதரி கேட்கிறார்: “ஆடிப்பட்டம் தேடி விதை என்று அம்மா சொன்னபடி போன வருடம் ஆடியில் விதைத்தேன், முளைக்கவே இல்லை. ஆவணியில் மறுபடி போட்டேன். முளைத்தது, நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது. இந்த வருடம் ஆடியில் போட்டதில் நாலு செடி தப்பியது. பூவும் பிஞ்சுமாக நின்ற நேரத்தில் ஐப்பசி மழையில் மூன்றே நாளில் கருகிப் போனது. விதையில் குறையா, மண்ணில் குறையா, எனக்குத்தான் கைராசி இல்லையா?”

உங்கள் கைராசிக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று தடவையும் மூன்று வேறு காரணத்தால் போயிருக்கிறது, ஆனால் மூன்றும் ஆடி, ஆவணியில் விதைத்ததால் வந்த வினை. நான் செண்பகனூர் சரிவில் பதினெட்டு வருடமாக வீட்டுக்குத் தக்காளி போடுகிறேன். முதல் நாலு வருடம் நானும் இப்படித்தான் விதைத்து, கருகவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் ஏறி வந்த தக்காளியை வாங்கித் தின்றேன்.

ஆடிப்பட்டம் கீழ்நாட்டுக் கணக்கு. அங்கே மழையை எதிர்பார்த்து விதைக்கிறார்கள். இங்கே தக்காளிக்கு மழையே எதிரி, குளிர் அதற்குக் கூட்டாளி. பெரியகுளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம், நாம் இருப்பது 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். அங்கே ராத்திரி 24 டிகிரி என்றால் இங்கே 12. தக்காளிப் பூ ஒழுங்காகக் காயாக வேண்டுமென்றால் இரவில் 13 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதாவது கோடையிலும் நாம் எல்லைக் கோட்டின் மேலேதான் நிற்கிறோம். ஒரு டிகிரி, இரண்டு டிகிரியை எங்கே சம்பாதிப்பது என்பதுதான் இந்த ஊரில் தக்காளி வளர்ப்பவரின் முழு வேலையும். தண்டிக்குடி, பண்ணைக்காடு மாதிரி கீழ்மலை ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை பாதிதான். அவர்கள் நம்மைவிட எழுநூறு, எண்ணூறு மீட்டர் கீழே இருக்கிறார்கள்.

நாளைக் கணக்குப் பாருங்கள். திண்டுக்கல்லில் நட்டு எழுபது, எண்பது நாளில் பழம் பறித்திருப்பீர்கள். இங்கே நூறு, நூற்றுப்பத்து நாள் ஆகும். நாற்று வளர்வதற்கே இரண்டு மாதம். ஆடியில் விதைத்தால் புரட்டாசியில் நட்டு, செடி தழைத்துப் பூக்கும் நேரத்தில் ஐப்பசி வந்து நிற்கும். கொடைக்கானலில் வருடத்திலேயே அதிக மழை அக்டோபர், நவம்பரில்தான். அதனால் பின்னாலிருந்து எண்ண வேண்டும். புரட்டாசிக்குள் கடைசிப் பழம் பறித்துவிட வேண்டும் என்றால் ஆனியில் முதல் பழம் வர வேண்டும், பங்குனியில் நாற்று வெளியே போக வேண்டும், தையில் விதை விழ வேண்டும். பொங்கல் முடிந்த வாரம் நான் விதைக்கிறேன். கரும்புச் சக்கையைப் பெருக்கிக் கொட்டியதும் விதை டப்பாவை எடுப்பது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

தையில் ஏரிப்பக்கம் உறைபனி விழுகிறதே என்று கேட்பீர்கள். விழட்டும். நாற்று அப்போது வீட்டுக்குள்தான் இருக்கப்போகிறது. இன்னொரு லாபமும் உண்டு. தை, மாசியில்தான் இந்த ஊரில் காலை வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். சூரியனை ஆராய்வதற்காகவே 1899-ல் சென்னையிலிருந்து வானாய்வகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த மலையில் வைத்தார்கள். அவர்களுக்கு உதவும் வெயில் உங்கள் ஜன்னலோர நாற்றுக்கும் உதவும். ஆவணியில் நீங்கள் விதைத்தபோது என்ன இருந்தது? நாள் முழுக்க மஞ்சு, அதாவது மூடுபனி.

இனி விதை. சந்தையில் வாங்கிய பழத்திலிருந்து எடுக்கலாமா என்பதற்கு என் பதில்: எடுக்கலாம், ஆனால் எடுக்காதீர்கள். இப்போது லாரியில் வருபவை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள். அவற்றின் விதையைப் போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது, ஒவ்வொரு செடி ஒவ்வொரு மாதிரி நிற்கும். நம் மலையடிவாரத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 இருக்கிறது. அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உண்டாக்கியது. தட்டையான உருண்டை, காம்புப் பக்கம் பச்சைத் தோள். புளிப்பு ஜாஸ்தி, ரசத்துக்கு அதற்கு ஈடில்லை. விதையை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது வெயில்காட்டுப் பிள்ளை, கீழ்மலையில் நன்றாக வரும். நாயுடுபுரத்தில் சுவரோரம் கூரை போட்டு வைத்தால் மட்டும் வரும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டல், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். அதே நிறுவனத்தின் அர்கா அபேத், நமக்கு எமனாக வரும் பின்பருவக் கருகலையும் ஓரளவு தாங்கும். இவை ஒட்டு ரகங்கள், வருடா வருடம் விதை வாங்க வேண்டும்.

இதையெல்லாம்விட, முதல் வருடம் செர்ரித் தக்காளி போடுங்கள் என்பேன். சின்னப் பழம், சீக்கிரம் பழுக்கும், குளிரில் பெரிய பழத்தை விட எளிதாகக் காய் பிடிக்கும். சாம்பாருக்கு ஆகாது என்று என் வீட்டில் முகம் சுளித்தார்கள். ஒரு வருடம் கழித்து அதில் தொக்கு போட்டார்கள், அப்புறம் பேச்சே இல்லை.

நாட்டு ரகத்தில் விதை எடுப்பதாக இருந்தால், நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து ஒரு கிண்ணத்தில் விடுங்கள். விதையைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு உறை இருக்கும். பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுப்பது அந்த உறைதான். கீழே இரண்டு நாள் புளிக்கவிட்டால் அது கழன்றுவிடும், இங்கே நாலு, ஐந்து நாள் பிடிக்கும். மேலே வெள்ளையாக ஆடை படிந்து, புளித்த மாவு வாசனை வந்ததும் தண்ணீர் விட்டு அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். எவர்சில்வர் தட்டில் பரப்பி நிழலில் காய வையுங்கள். செய்தித்தாளில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. இந்த ஊர் ஈரத்துக்கு, வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடியை டப்பாவில் போட்டு, அதன் மேல் விதைப் பொட்டலத்தை வைத்து இறுக்கி மூடுங்கள். நாலு வருடம் வரை முளைப்பு போகாது.

முதல் தடவை உங்களுக்கு ஏன் முளைக்கவில்லை என்பது இப்போது. தக்காளி விதை மண்ணின் சூட்டைப் பார்த்துத்தான் எழும். மண் 25 டிகிரி இருந்தால் ஆறு நாளில் தலை நீட்டும். 15 டிகிரியில் இரண்டு வாரம் ஆகும். 10 டிகிரியில் ஆறு வாரம். ஆடியில் நம் வீட்டுக்குள்ளேயே பதினைந்து டிகிரிதான் இருக்கும். முளைக்கவில்லையே என்று தினம் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள், விதை மண்ணுக்குள்ளேயே அழுகியிருக்கும். விதை கெட்டது இல்லை, போர்வை இல்லாமல் கிடந்தது.

போர்வை எங்கே கிடைக்கும்? ஃபிரிட்ஜ் உச்சி, செட்டாப் பாக்ஸ் மேல், வைஃபை பெட்டி மேல். விறகடுப்பு இருக்கிற வீடு என்றால் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பலகை. நான் தயிர் டப்பாக்களின் அடியில் சூடான கம்பியால் நாலு ஓட்டை போட்டு, கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் சரிபாதி கலந்து நிரப்புகிறேன். கலவையை ஒரு பிடி பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடி, டப்பாவைப் பால் கவருக்குள் நுழைத்துக் கட்டி செட்டாப் பாக்ஸ் மேல் வைத்துவிடுவேன். முளைக்கும்வரை திரும்பத் தண்ணீர் தேவைப்படாது. குழித்தட்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை, ஆறு செடிக்கு எதற்கு அது.

ஆறாம் நாளிலிருந்து தினம் இரண்டு வேளை எட்டிப் பாருங்கள். வெள்ளையாக வளைந்த கழுத்து ஒன்று மண்ணை நெம்பிக்கொண்டு தெரியும். அது தெரிந்த அன்றே கவரைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஒரே ராத்திரியில் ஒரு விரல் நீளம் ஓடிவிடும். உங்கள் இரண்டாம் தடவைக் கதை இதுதான். சூடு இருந்து வெளிச்சம் இல்லாவிட்டால் நாற்று வெளிச்சத்தைத் தேடி ஓடும், தண்டு நூலாகும். முளைத்த பிறகு சூடு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, வெளிச்சம் மட்டும் குறையக் கூடாது. கிழக்கு ஜன்னல் இருந்தால் நல்லது, தினம் டப்பாவை அரைவட்டம் திருப்பி வையுங்கள். ஜன்னல் சரியில்லை என்றால் சாதாரண எல்இடி டியூப் லைட் ஒன்றை நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாணுக்குள் இருக்கும்படி தொங்கவிட்டு, காலை ஆறு முதல் இரவு எட்டு வரை எரியவிடலாம். விளக்கு கூரையில் இருந்தால் பிரயோஜனமில்லை.

இன்னொரு சின்ன வேலை. காலையில் காப்பி குடிக்கும்போது உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் பத்துத் தடவை தடவிக் கொடுங்கள். காற்றில் ஆடுவதாக நினைத்துக்கொண்டு தண்டு குட்டையாகவும் தடியாகவும் வளரும். நான் ஏதோ கொஞ்சுகிறேன் என்று பேத்தி சிரிப்பாள்.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, கிள்ளியது போலச் சுருங்கி நாற்று விழுந்தால் அது நாற்றழுகல். மேலும் மேலும் ஈரமாக வைப்பதால் வருவது. மேல்மண் காய்ந்து நிறம் மாறிய பிறகுதான் தண்ணீர், அதுவும் டப்பாவைத் தட்டில் வைத்து அடியிலிருந்து. விதைக்கும் முன், அழுகலை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு சிட்டிகை கலவையில் சேர்த்தால் நல்லது. உரக்கடையில் பவுடராகக் கிடைக்கும்.

முதலில் வருவது விதையிலை இரண்டு. அதற்கப்புறம் பல் வெட்டிய உண்மை இலை நாலு வந்ததும் தனித்தனி டப்பாவுக்கு மாற்றுங்கள். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் நாற்றே போச்சு. மாற்றும்போது விதையிலை வரை புதைத்துவிடலாம். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடமெல்லாம் வேர் விடும், நீண்டுவிட்ட நாற்றைக் காப்பாற்றவும் இதுதான் வழி.

அடுத்து மண். நம் மலை மண் பார்க்கக் கறுப்பாக, பொலபொலவென்று, ஆசையாக இருக்கும். ஆனால் காலங்காலமாகப் பெய்த மழை அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. புளித்த மண். கார அமில அளவு ஐந்தை ஒட்டி இருக்கும், தேயிலைக்கு அது அமிர்தம். தக்காளிக்கு ஆறுக்கு மேல், ஆறே முக்கால் வரை வேண்டும். காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி காய்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். புழுவோ பூஞ்சையோ என்று மருந்து அடிப்பார்கள். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது அது. கூடவே ஒரு நாள் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாக ஊற்றினால் இன்னும் மோசமாகும்.

கீழ்மலைக் காப்பித் தோட்டக்காரர்கள் போடும் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் நமக்கும் போதும். தரையில் நடுவதானால் சதுர மீட்டருக்கு 200 கிராம், இருபது லிட்டர் செடிப்பைக்கு 50 கிராம். நடுவதற்கு மூன்று வாரம் முன்னால் கலந்து, ஒரு தடவை நனைத்து வைத்துவிட வேண்டும். அதே நாளில் சாணி எருவையும் சேர்த்துக் கலக்காதீர்கள், எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகிப் போகும். இரண்டு வாரம் கழித்து எரு. முட்டை ஓடு போடுகிறேன் என்பவர்களுக்கு: போடுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அது கரைந்து செடிக்குப் போவதற்குள் இந்தச் செடியின் காலம் முடிந்துவிடும். எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். குளிரில் மக்குவது மெதுவாக நடக்கும் என்பதால் திண்டுக்கல்லில் நாலு மாதத்தில் ஆகும் எரு இங்கே எட்டு மாதம் கேட்கும். கையில் எடுத்தால் சாணி வாசனை போய் மண் வாசனை வர வேண்டும்.

மண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மேல்மலையிலிருந்து உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணை மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறார்கள். வேண்டாம். உருளையும் தக்காளியும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதற்கும் வரும். உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை 1961-ல் முதன்முதலாக ஊட்டியில் கண்டுபிடித்தார்கள், பிறகு நம் மலையிலும் தென்பட்டது. அதன் கூடுகள் மண்ணில் இருபது வருடம்கூட உயிரோடு கிடக்கும். காசு கொடுத்து அதை வீட்டுக்கு வாங்கி வர வேண்டுமா?

பங்குனி பிறந்ததும் நாற்று ஒரு சாண் உயரம் இருக்கும். ஒரேயடியாக வெளியே வைத்துவிடாதீர்கள், மலை வெயில் குளிராக இருந்தாலும் சுள்ளென்று சுடும், இலை வெளுத்துப் போகும். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு வாரம், பத்து நாள் பழக்கி, அப்புறம் ராத்திரியும் வெளியே விட வேண்டும்.

இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேற்கு பார்த்த கல் சுவர் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அதன் காலடியில் வையுங்கள். பகல் முழுக்க வாங்கிய வெயிலை ராத்திரி பத்து மணி வரை அந்தச் சுவர் திருப்பிக் கொடுக்கும். கை வைத்துப் பாருங்கள், தெரியும். நான் சொன்ன ஒரு டிகிரி, இரண்டு டிகிரி அங்கேதான் கிடைக்கிறது. சுவரிலிருந்து முன்னால் சரிகிற மாதிரி நாலு மூங்கில் நட்டு, மேலே 200 மைக்ரான் பாலிதீன் தாள் கட்டிவிடுங்கள். முன்பக்கமும் பக்கவாட்டும் திறந்தே இருக்கட்டும். சுற்றிலும் மூடினால் கதகதப்பாக இருக்குமே என்று தோன்றும். ஒரு வருடம் நானும் மூடிப் பார்த்தேன். காலையில் தாளின் உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக இலை மேல் விழுந்து, வெளியே மழையே இல்லாமல் உள்ளே கருகல் வந்தது.

அந்தப் பின்பருவக் கருகல்தான் உங்கள் மூன்றாம் தடவையைத் தின்றது. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதே நோய். பதினைந்து முதல் இருபது டிகிரிக் குளிரும், பத்து மணி நேரம் காயாத இலை ஈரமும் கிடைத்தால் அதற்குப் போதும். ஐப்பசிக் கொடைக்கானல் அதற்கு மாமியார் வீடு மாதிரி, தட்டில் வைத்து உபசரிக்கிறோம். முதலில் இலை நுனியில் வெந்நீர் பட்டது போல எண்ணெய்ப் பச்சையில் ஒரு திட்டு தெரியும். மறுநாள் அது பழுப்பாகும். விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் திட்டின் விளிம்பில் மாவு தூவிய மாதிரி வெள்ளைப் பூஞ்சை. வெயில் ஏறினால் அது மறைந்துவிடும், அதனால் பத்து மணிக்கு மேல் பார்ப்பவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை. மூன்றாம் நாள் தண்டில் கறுப்புப் பட்டை, காயில் கல் மாதிரி இறுகிய பழுப்பு. அப்புறம் காப்பாற்ற எதுவும் இல்லை. செடியைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வெயிலில் போடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள்.

ஆகவே இலை நனையக் கூடாது. கூரை அதற்குத்தான். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். சாயந்திரம் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும். தொட்டித் தண்ணீர் தை, மாசியில் பனிக்கட்டி மாதிரி இருக்கும், அதை அப்படியே ஊற்றினால் வேர் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்யும். முந்தின நாள் பகலில் ஒரு கறுப்பு வாளியில் பிடித்து வெயிலில் வைத்து, ராத்திரி அடுப்படியில் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஒரே தண்டு விட்டுக் குச்சியில் கட்டி, இலைக் கக்கத்தில் வரும் பக்கச் சிம்புகளை விரல் நீளம் வருமுன் ஒடித்துவிட வேண்டும். கீழே ஒரு அடி உயரத்துக்கு இலையே வேண்டாம். காற்று புகுந்து வெளியே போக வழி இருந்தால் இலை சீக்கிரம் காயும். ஒடிப்பதைக் காய்ந்த காலையில் செய்யுங்கள். வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் செடியைத் தொடக் கூடாது, புகையிலையிலிருந்து நச்சுயிரி ஒட்டிக்கொண்டு வரும்.

மருந்தே வேண்டாம் என்பவன் நான் இல்லை. சித்திரை, வைகாசிக் கோடைமழையில் நாலைந்து நாள் தொடர்ந்து மஞ்சு இறங்கினால், நோய் வருமுன் போர்டோ கலவை ஒரு தடவை அடிப்பேன். காப்பிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், பத்து கிராம் நீற்றிய சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரம்தான், இரும்பு கூடாது. பளபளப்பான பழைய கத்தி ஒன்றை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அன்றே அடித்து முடித்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. வெயில் உள்ள காலையில், இலையின் இரு பக்கமும். துத்தம் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழத்தைக் கழுவித்தான் சமைக்க வேண்டும்.

பூச்சி விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். கீழே இலைச்சுருட்டலைப் பரப்பும் வெள்ளை ஈக்கு இந்தக் குளிர் அவ்வளவாக ஒத்துவராது. நத்தையும் வெட்டுப்புழுவும்தான் ராத்திரி நாற்றின் கழுத்தை அறுக்கும். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கிவிடலாம்.

பூத்துப் பூத்து உதிர்கிறதென்றால் மூன்று காரணம். ராத்திரிக் குளிர், அதற்குச் சொல்லிவிட்டேன். தழைச்சத்து அதிகம், இலை கரும்பச்சையாகச் சுருண்டு கொழுத்து நிற்கும், எருவை நிறுத்திவிட்டு ஒரு பிடி அடுப்புச் சாம்பல் போடுங்கள். மூன்றாவது, பூவை ஆட்ட ஆளில்லை. தக்காளிப் பூவுக்கு வேறு பூ தேவையில்லை, தன் மகரந்தமே போதும். ஆனால் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைபட்டிருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். தேனீயால் அது முடியாது. பூவைப் பிடித்துக்கொண்டு உறுமுகிற கருவண்டு செய்யும், மஞ்சு நாளில் அதுவும் வராது. பதினொரு மணி வாக்கில், பூ காய்ந்திருக்கும்போது, கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். ஒரு கொத்துக்கு மூன்று சுண்டு. இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

பழுக்கும்வரை செடியில் விடலாமா? எங்கள் சரிவில் விட்டால் குரங்குக்குத்தான். அடிப்பக்கம் லேசாக வெளிறி இளஞ்சிவப்பு கீறியதும் பறித்துவிடுவேன். அதற்கப்புறம் உள்ளே வைத்துப் பழுத்தாலும் ருசியில் பெரிய நஷ்டமில்லை. குளிர்ந்த அடுப்படியில் நாள் கணக்காகப் பச்சையாகவே உட்கார்ந்திருந்தால், அட்டைப் பெட்டியில் இரண்டு பழுத்த விருப்பாட்சி வாழைப்பழத்தோடு மூடி வையுங்கள். வாழைப்பழம் விடும் வாயு தக்காளியையும் பழுக்க வைத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுக்காது.

நீலகிரியிலிருந்து கேட்பவர்களும் உண்டு, அவர்களுக்கு ஒரு வார்த்தை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் நம்மைப் போல ஐப்பசி மழைதான் பெரிது, உயரமும் முன்னூறு மீட்டர் குறைவு, தைக்கணக்கு அப்படியே பொருந்தும். ஊட்டி இன்னும் குளிர், அங்கே ஆனி, ஆடியில் தென்மேற்கு மழையும் இறங்கும். கூரை இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள்.

கடைசியாக, கருகிய செடி நின்ற அதே இடத்தில் மறுபடி நடலாமா என்று கேட்பீர்கள். நடாதீர்கள். தரையில் விழுந்த காய், இலை எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, அங்கே பீன்ஸோ பூண்டோ போடுங்கள், இரண்டு வருடம் கழித்துத் தக்காளிக்குத் திரும்பலாம். இந்தத் தைக்கு நாலு செடிப்பை போதும், கல் சுவர் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதை மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள். வேலி ஓரத்தில் இடம் இருந்தால் ஒரு மரத்தக்காளிக் கன்றும் நடுங்கள். அதற்குச் செட்டாப் பாக்ஸ் சூடும் வேண்டாம், பாலிதீன் கூரையும் வேண்டாம். ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கும். சுட்டுத் தோலுரித்து, பச்சை மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்தால் தோசைக்கு நன்றாக இருக்கும்.